சூரியன் அச்சிடும் படங்கள்

சாரல் காலத்திலே குற்றாலத்துப் பேரருவியின் முன் போய் நின்று பாருங்கள். நீர் விழும் ஓசையைக் கேட்கிறவர்களைவிடக் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துப் படம் எடுக்கிறவர்களே அதிகம். ஒருவர் ஒரே நாளில் இருநூறு படம் எடுத்துவிடுகிறார். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு அவற்றில் இரண்டையேனும் திரும்பப் பார்ப்பாரா என்பது சந்தேகம். அவரை நிறுத்தி, "ஐயா, இந்தப் படம் எப்படி விழுந்தது?" என்று கேட்டால், "அமுக்கினேன், விழுந்தது" என்றுதான் சொல்லுவார். அமுக்கியதற்கும் விழுந்ததற்கும் நடுவிலே ஒளி செய்த வேலை என்ன என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமலே காரியம் நடந்துவிடுகிறபோது அவர்மேல் குற்றம் சொல்லவும் இடமில்லை.

ஆனால் காமிராவை அப்புறப்படுத்திவிட்டால் அந்த வேலை கண்ணெதிரே நடக்கும். ஒரு தாள், அதன்மேல் பூசிய மருந்து, ஓர் இலை, கொஞ்சம் வெயில், இவ்வளவே போதும். இலை இருந்த இடம் ஒரு நிறம், வெயில் பட்ட இடம் வேறொரு நிறம் ஆகிறது. வீட்டுத் திண்ணையிலும் மொட்டை மாடியிலும் இதைச் செய்து பார்க்கலாம்.

"காமிரா இல்லாமல் படமா?" என்று கேட்பவர்கள் தங்கள் வீட்டுப் பீரோவைத் திறந்து பார்க்க வேண்டும். தாத்தாவின் கால் எலும்பை எடுத்த பழைய எக்ஸ்-ரே பிலிம் ஏதாவதொரு உறையில் கிடக்கும். அது காமிரா இல்லாத படந்தான். 1895-ம் ஆண்டில் ஜெர்மனியிலே ராண்ட்ஜன் என்ற பேராசிரியர் தம் மனைவியின் கையைப் போட்டோத் தகட்டின்மேல் வைக்கச் சொல்லிக் கதிரைச் செலுத்தினார். எலும்பும் மோதிரமும் நிழலாக விழுந்தன. நாம் செய்யப்போவதும் நிழலைப் பிடிக்கிற வேலையே. நம்முடைய கதிர் சூரியனிடமிருந்து வருகிறது என்பதுதான் வித்தியாசம்.

வெயில் நிறத்தை மாற்றும் என்பதை நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு விஞ்ஞானிகள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வேஷ்டியிலே மஞ்சள் கறை பட்டால் அம்மா என்ன செய்கிறாள்? நனைத்து வெயிலில் போடுகிறாள். மாலைக்குள் கறை வெளிறிவிடுகிறது. இந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டே படம் எடுத்துவிடலாம். மஞ்சள் தூளைச் சாராயச் சத்தில், அதாவது மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் கரைத்து வடிகட்டித் தாளிலே பூச வேண்டும். அடுப்புக்கு எட்ட இருந்து பூசுவது முக்கியம். உலர்ந்ததும் வேப்பிலைக் கொத்து ஒன்றை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி, சித்திரை வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் விட்டு எடுத்தால், சுற்றிலும் வெளிறிப் போயிருக்க, வேப்பிலையின் வடிவம் மட்டும் மஞ்சளாக நிற்கும். பிறகு நாட்டு மருந்துக் கடை வெண்காரத்தை நீரில் கரைத்து அதிலே தாளை முக்கினால் மஞ்சள் செம்பழுப்பாக மாறும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவக்கிறதல்லவா? அதே காரணந்தான். வெண்காரம் வாய்க்குள் போகலாகாது. ஆகையால் அந்தக் கடைசி வேலையைப் பெரியவர்களே செய்வது நல்லது.

இந்த மஞ்சள் படத்துக்கு ஒரு குறை உண்டு. இதை எந்த வெயில் உண்டாக்கிற்றோ அந்த வெயிலே மெல்ல மெல்ல அழித்துவிடும். நிலைக்க வைக்கும் வழி இல்லை. குற்றாலத்துச் சித்திர சபையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஐந்து சபைகளில் சிதம்பரத்துக்குப் பொன்னும், மதுரைக்கு வெள்ளியும், திருநெல்வேலிக்குத் தாமிரமும், திருவாலங்காட்டுக்கு இரத்தினமும் வாய்த்தன. குற்றாலத்துக்கு வாய்த்தது சித்திரம். அங்கே நடராஜப் பெருமானைச் செப்புத் திருமேனியாக அல்லாமல் சுவரோவியமாகவே கண்டு வணங்குகிறோம். வெளி வெயில் நேரே பட்டால் எந்த வர்ணமும் எத்தனை நாள் தாங்கும்? படத்துக்கென்றே ஒரு சபை வைத்த ஊரிலே, படத்துக்கு ஒளி நண்பனும் பகைவனும் ஆகிற கதையைப் பேசுவது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

நிலைக்க வைப்பது எப்படி என்ற கேள்வியே ஆரம்ப காலத்துச் சோதனைக்காரர்களை வாட்டியது. இங்கிலாந்திலே தாமஸ் வெட்ஜ்வுட் என்பவர் வெள்ளி நைட்ரேட்டைத் தாளிலும் தோலிலும் பூசி, இலைகளின் நிழலைப் பிடித்தார். ஹம்ப்ரி டேவியோடு சேர்ந்து 1802-ல் அதை வெளியிட்டார். படம் விழுந்தது, ஆனால் பகல் வெளிச்சத்தில் காட்டினால் தாள் முழுவதும் கறுத்துப் போயிற்று. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இரகசியமாகப் பார்க்க வேண்டிய படம்! வெள்ளி உப்பைக் கரைத்து அகற்றும் 'ஹைப்போ' என்ற சரக்கின் குணத்தை வானசாஸ்திரியான ஸர் ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டறிந்திருந்தார். 1839-ல் டால்பட் இங்கிலாந்திலும் டகேர் பிரான்ஸிலும் தங்கள் முறைகளை வெளியிட்டபோதுதான் அது போட்டோவுக்குப் பயன்பட்டது. அதே 1839-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் இரசாயன ஆசிரியர் ஓஷாக்னஸி இங்கே ஒளிப்பதிவுச் சோதனைகள் செய்து ஏசியாட்டிக் சொஸைட்டியாருக்குத் தெரிவித்தார். பின்னாளில் நம் நாட்டில் தந்திக் கம்பி நட்டவரும் அவரே. ஆகவே இந்த வித்தை பாரத பூமிக்குப் பிந்தி வந்தது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

வெள்ளி பூசிய தாளில் இன்றைக்கும் வீட்டிலே படம் செய்யலாம். ஜன்னலை அடைத்த ஓர் அறை, ஒரு சிவப்பு விளக்கு, மூன்று தட்டுகள் வேண்டும். முதல் தட்டில் உருத்துலக்கும் மருந்து, இரண்டாவதில் அதை நிறுத்தும் புளிநீர், மூன்றாவதில் ஹைப்போ. தாளின்மேல் கண்ணாடி வளையல், சாவிக்கொத்து, மல்லிகைச் சரம் எதையாவது பரப்பி, கைவிளக்கை ஒரு விநாடி மின்னவிட்டு, தாளை மருந்தில் இட்டால் கறுப்புப் பரப்பிலே வெள்ளை நிழல்கள் மெல்ல எழும். பாரீஸில் மான் ரே என்ற சித்திரக்காரர் 1920-களில் இதையே ஒரு கலையாக்கிப் பெயர் வாங்கினார். மங்கின சிவப்பு வெளிச்சத்தில் உருவம் எழுவதைப் பார்க்கிற ஆனந்தம் வேறெதிலும் கிடைக்காது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனாலும் குற்றாலத்திலும் தென்காசியிலும் வீட்டிலே செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு வெள்ளியை நான் சிபாரிசு செய்வதில்லை. செலவு ஒரு காரணம். உதகமண்டலத்தில் 1960-ல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை 'இந்து' என்ற முத்திரையோடு பிலிமும் தாளும் செய்து தந்தது. இன்று அது இல்லை. வெளிநாட்டுத் தாளை விலை கொடுத்து வரவழைக்க வேண்டும். செலவைக் காட்டிலும் பெரிய காரணம் நம் ஆறு. பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கிறது. அது மீனுக்கும் நீர்வாழ் பிராணிகளுக்கும் நஞ்சு. சாக்கடையில் கொட்டினால் எங்கே போகும்? அருவியில் விழுந்த நீர் சிற்றாறாகத் தென்காசியைக் கடந்து ஓடிச் சீவலப்பேரியருகே தாமிரவருணியில் கலக்கிறது. அந்த நீரைக் குடிக்கிற ஊர்கள் எத்தனை! இரும்புக் கம்பிச் சுருளை ஹைப்போவில் ஊறப்போட்டு வெள்ளியைப் பிரித்தெடுக்கலாம் என்பது உண்மைதான். எத்தனை வீடுகளில் அவ்வளவு பொறுமை இருக்கும்? மூலிகை நீர் என்று சொல்லி மேலே தலையைக் காட்டிவிட்டுக் கீழே அதிலேயே மருந்துக் கழிவைக் கலப்பது நமக்கு அழகல்ல.

இரும்புக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஹெர்ஷலே 1842-ல் கண்ட முறை அது. 'சயனோடைப்' என்று பெயர். பெயர் புதிதாக இருந்தாலும் பொருள் பழையது. பொதுப்பணி அலுவலகங்களிலே நீலத் தாளில் வெள்ளைக் கோடுகளாகக் கட்டட வரைபடம் வைத்திருப்பார்களே, அந்தப் 'புளூ பிரிண்ட்' இதுதான். ஜெராக்ஸ் இயந்திரம் வருவதற்கு முன் அணைக்கும் பாலத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் படிகள் எடுத்தது சூரிய வெளிச்சத்தைப் போன்ற விளக்கும் இந்த இரும்பு உப்புமே.

செய்முறையைச் சற்று விரிவாகச் சொல்லிவிடுகிறேன். பச்சை நிறப் பெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம் எடுத்து 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்து ஒரு பழுப்பு நிறப் புட்டியில் வைக்க வேண்டும். பொட்டாசியம் பெர்ரிசயனைடு 10 கிராமை இன்னொரு 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்து வேறு புட்டியில் வைக்க வேண்டும். தனித்தனியே இருக்கும்வரை இரண்டும் பல நாள் கெடாது. மழை நாளில் முதற் புட்டியில் பூஞ்சணம் பூக்கும், அதை வடிகட்டிவிட்டால் போதும். படம் எடுக்க நினைத்த அன்று மாலை இரண்டிலும் சம அளவு எடுத்துக் கலந்து, கனமான வரைதாளில் அகலத் தூரிகையால் முதலில் நெடுக்கிலும் பிறகு குறுக்கிலும் பூச வேண்டும். இதற்குக் கும்மிருட்டு வேண்டியதில்லை. பழைய தென்காசி வீடுகளின் இரண்டாங்கட்டு அறையில் ஒரு மங்கிய மஞ்சள் விளக்கை ஏற்றிக்கொண்டு செய்தால் சரியாக இருக்கும். இளம் மஞ்சட்பச்சையாகத் தோன்றும் தாளை அதே அறையில் இராத்திரி முழுவதும் உலர விட வேண்டும்.

மறுநாள் வெயிலில், தாளின்மேல் இலையை வைத்து, பழைய சுவாமி படத்துச் சட்டத்திலிருந்து எடுத்த கண்ணாடியால் அழுத்தி மூடுங்கள். சில நிமிஷங்களில் தாள் பச்சையிலிருந்து நீலமாகி, பின் ஒருவிதச் சாம்பல் பூத்த நிறத்துக்கு வரும். 'அதிகம் காய்ந்துவிட்டதோ' என்று பயந்து எடுத்துவிடக் கூடாது; அந்தச் சாம்பல் நிறம் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அப்புறம் நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் அலசினால் மஞ்சள் கரைந்து ஓடி, நீலத்தின் நடுவிலே வெள்ளை இலை தெளிந்து நிற்கும். மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்ஸைடு சில சொட்டு விட்ட நீரில் முக்கினால் நீலம் அந்த க்ஷணமே கறுநீலமாக ஆழ்ந்துவிடும். மற்றபடி ஒரு நாள் காற்றில் கிடந்தாலும் தானாக ஆழும், அவசரக்காரர்களுக்கே பெராக்ஸைடு.

உள்ளே நடப்பது என்ன? வெயிலிலுள்ள ஊதாக் கடந்த கதிர், சிட்ரேட்டின் துணையால் பெர்ரிக் இரும்பைப் பெர்ரஸ் இரும்பாக மாற்றுகிறது. அந்தப் பெர்ரஸ் இரும்பு பெர்ரிசயனைடோடு கூடி 'பிரஷ்ய நீலம்' என்ற கரையாத வர்ணமாகித் தாளின் நாரிலே பற்றிக்கொள்கிறது. இலையின் நிழலில் இருந்த பாகம் மாறாமல் இருப்பதால் நீரோடு போய்விடுகிறது. கழுவுவதே நிலைக்க வைப்பது. வெட்ஜ்வுட்டை வாட்டிய கேள்விக்கு இங்கே பச்சைத் தண்ணீரே பதில்.

ஆசிரியனாகிய எனக்கு இந்த நீலத்தின்மேல் தனிப்பட்ட ஓர் ஆதங்கம் உண்டு. இரும்பு உப்பைக் கண்டறியும் சோதனையிலே இதே நீலம் சோதனைக் குழாயில் தோன்றுகிறது. மாணவன் பார்க்கிறான், "அடர்நீல வீழ்படிவு, இரும்பு உள்ளது" என்று நோட்டில் எழுதுகிறான், குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறான். மதிப்பெண் வந்துவிடுகிறது. அந்த வீழ்படிவு ஒரு வர்ணம் என்பதோ, அதனால் ஒரு பெரணி இலையின் நரம்பையெல்லாம் எழுதலாம் என்பதோ, தேகத்தில் தாலியம் என்ற நஞ்சு ஏறியவருக்கு அதையே மருந்தாகக் கொடுக்கிறார்கள் என்பதோ அவன் காதில் விழுவதில்லை. அதே பையன் ஒரு தாளைக் கையால் பூசி, வெயிலில் வைத்து, கழுவி எடுத்த அன்று கேட்கிற கேள்விகள் வேறு. "மேகம் மூடினால் ஏன் நேரம் ஆகிறது? ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னே வைத்தால் ஏன் மெதுவாக நடக்கிறது? சலவை சோடா பட்டால் ஏன் நீலம் போய்விடுகிறது?" பாடப் புத்தகத்தின் மூன்று அத்தியாயங்களை அவனே கேட்டு வாங்கிக்கொள்கிறான்.

'சயனைடு' என்ற சொல்லைக் கேட்டுத் தாய்மார்கள் திடுக்கிட வேண்டாம். ஆனால் அலட்சியமும் வேண்டாம். பெர்ரிசயனைடிலே சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால் சாதாரணமாக வெளிப்படாது. வன்மையான அமிலத்தோடு சேர்த்தாலோ காய்ச்சினாலோ நச்சு வாயு வரும். ஆகையால் கழிப்பறை கழுவும் ஆஸிட் இருக்கிற இடத்தில் இந்தப் புட்டி இருக்கவே கூடாது. கரைசல் தயாரிப்பதைக் கையுறை அணிந்து பெரியவர்கள் செய்ய வேண்டும். ஒரு தடவை மருந்துக்கு எடுத்த கிண்ணமும் கரண்டியும் மறுபடி சமையலறைக்குள் வரக் கூடாது. சிட்ரேட் மட்டும் சாது. சோகை நோய்க்குக் கொடுக்கும் இரும்பு டானிக்குகளில் சேர்கிற சரக்கே அது.

இனி எதைப் படம் எடுப்பது? இங்கேதான் குற்றாலத்தின் பெருமை. 1830-களில் ராபர்ட் வைட் என்ற கம்பெனி மருத்துவர் குற்றாலத்துக்கு வந்து செடிகளைச் சேகரித்தார். அவர் சென்னையிலே 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தாவரச் சித்திரங்களுக்கு வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டுச் சித்திரக்காரர்கள். ஒவ்வொரு இலையின் ஓரத்துப் பல்லையும் கண் வலிக்க வரைந்த மகா நிபுணர்கள். ஏறக்குறைய அதே ஆண்டுகளில், 1843 முதல் 1853 வரை, இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளைத் தாளின்மேல் வைத்து இந்த நீல அச்சிலே படம் எடுத்துப் பகுதி பகுதியாக வெளியிட்டார். போட்டோப் படங்களைக் கொண்ட முதற் புத்தகம் என்று அதைச் சொல்கிறார்கள். அதில் ஒரு காமிராவும் இல்லை. ரங்கையாவின் தூரிகைக்கு நாட்கள் பிடித்த வேலையை அட்கின்ஸுக்குச் சூரியன் நிமிஷங்களில் செய்து கொடுத்தது. ஆனால் நிறமும், பூவின் உட்புறமும், கனியின் பிளவும் தூரிகைக்கு மட்டுமே வசப்பட்டன. சூரியனுக்கு நிழல்தான் தெரியும்.

அந்த நிழலிலே கைப்பேசிப் படத்தில் இல்லாத ஒன்று இருக்கிறது. இலை என்ன அளவோ படமும் அதே அளவு. மயிரிழை கூடுவதில்லை, குறைவதில்லை. ஒரு வருஷத்து இலையை மறு வருஷத்து இலையோடு தாள்மேல் தாள் வைத்து ஒப்பிடலாம். மெல்லிய இலைக்கே இது ஏற்றது. ஈரப் பாறையில் தொங்கும் பெரணி மிக அழகாக விழும். பலா இலை போலத் தடித்தது வெறும் வெள்ளைத் திட்டாக நிற்கும். நீரில் ஊறிச் சதை கழன்று நரம்பு மட்டும் எஞ்சிய அரச இலையை ஒரு தரம் வைத்துப் பார்த்தவர்கள் அப்புறம் வேறு இலையைத் தேட மாட்டார்கள். ஒரு விஷயம்: செண்பகாதேவிக்கும் தேனருவிக்கும் போகிற வழியெல்லாம் காப்புக் காடு. அங்கே ஓர் இலையும் பறிக்கக் கூடாது. அவசியமும் இல்லை. தோட்டத்துச் சுவரிலும் கிணற்றின் உட்புறத்திலும் முளைக்கிற பெரணியே நூறு படங்களுக்குப் போதும்.

இலையோடு நின்றுவிட வேண்டுமென்பதில்லை. மருந்து பூசிய தாளின்மேல் அரிசி மாவால் கோலம் போட்டு வெயிலில் வைத்தால், மாவைத் தட்டிக் கழுவியதும் நீல வாசலிலே வெள்ளைக் கோலம் நிரந்தரமாக நிற்கும். கடைக் கோலப்பொடி வேண்டாம். அதில் சுண்ணாம்பு கலந்திருந்தால் நீலத்தை அரித்துவிடும். கதர்த் துணியிலும் இந்த அச்சு நன்றாகப் பிடிக்கும். ஆனால் அந்தத் துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்தால் படம் வெளுத்துவிடும் என்பதை வண்ணானிடம் போடுமுன் நினைத்துக்கொள்ள வேண்டும்.

நீலம் பிடிக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. சலவை சோடா கரைத்த நீரில் படத்தை முக்கினால் நீலம் மங்கி மஞ்சளாகும். உடனே அலசி, கடுக்காய்க் கஷாயத்தில் ஊறவைத்தால் கறுப்பும் பழுப்புமாகத் திரும்ப எழும். நம் முன்னோர் அன்னபேதியையும் கடுக்காயையும் கூட்டி மை செய்து கணக்கு எழுதினார்களே, அது இரும்பும் துவர்ப்பும் சேர்ந்த மை. இந்தப் படத்திலும் நீலத்திலிருந்து விடுபட்ட இரும்பு கடுக்காயின் துவர்ப்போடு கூடி அதே மையாகிவிடுகிறது. தேயிலையைக் கொதிக்க வைத்தும் செய்கிறார்கள். எனக்கென்னவோ கடுக்காயின் கறுப்பே மனசுக்குப் பிடித்திருக்கிறது.

கடைசியாகப் பருவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பங்குனி, சித்திரையில் தென்காசி வெயிலுக்கு உச்சிப் பொழுதில் பத்து நிமிஷமே அதிகம். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று புறப்பட்டுச் சாரல் வீசத் தொடங்கியதும் கதை வேறு. மேகத்தைத் துளைத்துக்கொண்டு ஊதாக் கதிர் கொஞ்சம் வரத்தான் செய்யும். ஆனால் அரை மணி, ஒரு மணி, சில நாளில் அதற்கும் மேல் காத்திருக்க வேண்டும். அதைவிடத் தொல்லை ஈரம். பூசிய தாள் இராத்திரி முழுவதும் உலராமல் பிசுபிசுத்து, கழுவும்போது வெள்ளை வர வேண்டிய இடமெல்லாம் நீலம் படிந்து போகும். அப்படிப்பட்ட நாட்களில் அரிசி டின்னுக்குள் உலர்ந்த தாளை வைத்து இறுக மூடிக் காப்பதுண்டு. அந்த டின் பிறகு அரிசிக்கு உதவாது. கிணற்று நீர் சுண்ணம் மிகுந்ததானால் முதல் அலசலில் எலுமிச்சம்பழச் சாறு சில துளி விட வேண்டும். சாரல் மழையைத் தாழ்வாரத்திலே அண்டாவில் பிடித்து வைத்திருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம். முடிந்த படங்களைச் சுவரில் மாட்டி வெயில் பட்டு நீலம் சற்று மங்கிவிட்டதானால், கழற்றி இருட்டுப் பெட்டிக்குள் சில நாள் வைத்திருங்கள். இரும்பு பழையபடி காற்றை ஏற்று, நீலம் தானே திரும்பி வரும்.